பேக்கப்பை ரீஸ்டோர் செய்தபின் புதுப் பதிவு சேர்த்தால் மட்டும் டூப்ளிகேட் கீ பிழை (அந்த ஐடி ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழை) வருகிறது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் தரவு கெட்டுவிட்டதா?

தரவு கெடவில்லை. எண் கொடுக்கும் சீக்வென்ஸ்தான் பின்தங்கி நிற்கிறது.

போஸ்ட்கிரெஸில் டேபிள் வேறு, சீக்வென்ஸ் வேறு. ரீஸ்டோரில் பதிவுகள் தங்கள் ஐடியோடுதான் உள்ளே வரும். சீக்வென்ஸிடம் அடுத்த எண்ணைக் கேட்கும் நெக்ஸ்ட்வால் கூப்பிடப்படுவதே இல்லை. டேபிளில் 48,210 வரை ஐடி இருக்கும், சீக்வென்ஸ் 1-லேயே நிற்கும். பிஜி_டம்ப் என்ற பேக்கப் கருவியால் முழுதாக எடுத்தால், சீக்வென்ஸின் எண்ணை அமைக்கும் செட்வால் வரிகளும் சேர்ந்தே வருவதால் இந்தச் சிக்கல் எழாது. ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பை) மட்டும் தனியாக எடுத்துவிட்டு, தரவை சிஎஸ்வி வழியாக ஏற்றியவர்கள்தான் பெரும்பாலும் மாட்டுவார்கள்.

பிழைச் செய்தியில் உள்ள எண்ணைப் பாருங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் ஐடி 1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும். இன்சர்ட் தோற்றாலும் சீக்வென்ஸ் பின்னால் வராது. நடுவில் 7-ஆம் பதிவு எப்போதோ அழிக்கப்பட்டிருந்தால் ஏழாவது முயற்சி ஜெயித்துவிடும். "சில நேரம் வேலை செய்கிறது" என்ற புகார் இப்படித்தான் பிறக்கிறது. அழிந்த பதிவின் ஐடி புதுப் பதிவுக்குப் போவது பிழையைவிட மோசம். பழைய லாக், ரிப்போர்ட் எல்லாம் தப்பான ஆளைக் காட்டும். அதனால் "தானே சரியாகட்டும்" என்று விடாதீர்கள்.

சரிசெய்ய:

செலக்ட் செட்வால்(பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ்('ஆர்டர்ஸ்', 'ஐடி'), கோயலெஸ்(மேக்ஸ்(ஐடி), 0) + 1, ஃபால்ஸ்) ஃப்ரம் ஆர்டர்ஸ்;

கடைசி ஃபால்ஸ், "இந்த எண் இன்னும் கொடுக்கப்படவில்லை, அடுத்து இதையே கொடு" என்று சொல்கிறது. அதையும் +1-ஐயும் விட்டுவிட்டால், காலி டேபிளில் மதிப்பு 0 ஆகி, வரம்புக்கு வெளியே என்று பிழை வரும்.

இது பிழையே காட்டாமல் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சீக்வென்ஸைக் கையால் உருவாக்கி, ஐடியின் டீஃபால்ட்டில் மட்டும் கோர்த்திருந்தால் பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ் 'நல்' (NULL, அதாவது மதிப்பே இல்லை) கொடுக்கும். செட்வாலும் சத்தமில்லாமல் நல் கொடுத்துவிட்டு எதையும் மாற்றாது. விடையாக எண் வந்ததா என்று பார்த்தே ஆக வேண்டும். வரவில்லையென்றால் ஆல்டர் சீக்வென்ஸில் ஓன்ட் பை (OWNED BY) போட்டு அந்த ஐடி நெடுவரிசையோடு இணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பெரிய எழுத்து கலந்த டேபிள் பெயரென்றால் ஒற்றை மேற்கோளுக்குள் இரட்டை மேற்கோளும் தேவை.

செயலி ஓடிக்கொண்டிருக்கும்போது செய்தால், மேக்ஸ் எடுத்த நொடிக்கும் செட்வாலுக்கும் இடையே வேறொரு இன்சர்ட் நுழையலாம். ஒரே டிரான்சாக்‌ஷனில், முதலில் டேபிளை எக்ஸ்க்ளூசிவ் மோடில் லாக் செய்யுங்கள்.