ஹொட்டேல், லொட்ஜ் வேலையாட்களுக்கு ஆட்கடத்தல் பற்றிய பயிற்சியால் உண்மையில் பிரயோசனம் இருக்கிறதா?

இருக்கிறது. பயிற்சிக்கு ஆட்களை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்து, ஒரு நாள் வேலை கெடுமே என்று யோசிக்கிறீர்கள் போல. நான் வவுனியாவில் ஒரு லொட்ஜில் அறை துப்புரவு செய்கிறவள்.

எங்களுக்கு ஒரு பின்னேரம் தமிழிலேயே நடத்தினார்கள். எல்லாருடைய பாஸ்போர்ட்டும் ஒரே ஆளிடம் இருக்கிறதா, யாரிடம் கேட்டாலும் அவரே பதில் சொல்கிறாரா, நாள்கணக்கில் துப்புரவுக்குக் கதவு திறக்காமல் இருக்கிறார்களா என்று கவனிக்கச் சொன்னார்கள். சண்டைக்குப் போகாமல் பொறுப்பானவரிடம் சொல்லவும் சொன்னார்கள்.

அதுக்குப் பிறகுதான் ஒருவர் மூன்று பெண்களோடு வந்தார். எல்லாருடைய அடையாள அட்டையையும் தன் பையிலிருந்து அவரே எடுத்துக் கொடுத்தார். சுடுதண்ணி எடுக்க வந்த பெண்ணிடம் கதை கொடுத்தேன். புதுக்குடியிருப்புப் பக்கமாம்.

"எங்க பிள்ளை போறியள்?"

"ஓமானுக்கு அக்கா, வீட்டு வேலைக்கு. விசிட் விசாவாம், அங்க போய் மாத்தலாமாம்."

"வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில பதிஞ்சாச்சே?"

"அது தேவையில்லை எண்டவர்."

விசிட் விசாவில் ஓமானுக்குப் போன பெண்கள் அகப்பட்ட கதை 2022 இல் பத்திரிகை எல்லாம் வந்தது. உடனே மனேஜரிடம் சொன்னேன், அவர் அந்தப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தார். அந்த ஆள் சொன்ன ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரமே இல்லை. ஆட்கடத்தலுக்கு 20 வருடம் வரை மறியல் என்று 2006 இலிருந்து சட்டம் இருக்கிறது, ஆனால் யாராவது வாய் திறந்தால்தானே அது அசையும்.

வெளிநாடு போகிறவர்களை மறிக்கிறாய் என்று கீழே எழுத வேண்டாம். முறையாகப் பதிந்து போய் வீடு கட்டியவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அந்த மூன்று பேரில் ஒருத்தி, "என்ர கடனை நீ கட்டுவியோ?" என்று என்னைப் பேசிவிட்டுத்தான் போனாள். அவளில் எனக்குக் கோபமே இல்லை. சண்டை முடிந்த பிறகு வன்னியில் புருசன் இல்லாத வீடுகளாகப் பார்த்து நுண்கடனைக் கொடுத்துவிட்டு, கிழமைக்குக் கிழமை வந்து முற்றத்தில் குந்தியிருந்து காசு கேட்கிறார்களே, அவர்களுக்கு யார் பயிற்சி கொடுப்பது? நினைத்தாலே வயிறு எரிகிறது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மனேஜரை மட்டும் அனுப்பி, சான்றிதழைச் சுவரில் கொழுவ வேண்டாம். துப்புரவுக்காரர், காவலாளி, குசினிப் பொடியன் எல்லாரும் போகட்டும். 1989 ஐயும், சிறுவர்களுக்கான 1929 ஐயும் குளியலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். ரிசெப்ஷனில் ஒட்டினால், பக்கத்தில் அந்த ஆள் நிற்கும்போது அதை எப்படிப் பார்த்து எழுதுவார்கள்?