குட்டையாகவும் சற்றுப் பருமனாகவும் இருப்பவர்களுக்கு ஜம்ப்சூட் எடுப்பாக இருக்குமா? எந்த உடல்வாகுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

உங்கள் உயரம் 155 செ.மீ. என்றும், இடுப்புக்குக் கீழே அகலம் அதிகம் என்றும், இதுவரை போட்டுப் பார்த்த மூன்று ஜம்ப்சூட்டுகளும் (சட்டையும் பேன்டும் சேர்த்துத் தைத்த ஒற்றை உடை) அசிங்கமாக இருந்தன என்றும் கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்றிலும் தொல்லை கொடுத்தது தோளிலிருந்து கவட்டை வரையுள்ள நீளமாகத்தான் இருக்கும் என்பது என் உறுதியான ஊகம். ஆனால் கண்ணாடியின் முன் நின்றபோது நீங்கள் பழி போட்டது இடுப்பின் மீது. நானும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தேன் என்பதால், பதில் கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நான் ஆடை வடிவமைப்பு படித்தவள் இல்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்யும் இடத்தில் ஆண்டு விழா நடந்தது. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. அதற்காக அடர்பச்சை நிறத்தில், அகலக் கால் வைத்த ஒரு கிரேப் துணி ஜம்ப்சூட் வாங்கினேன். என் உயரம் 158 செ.மீ.; மார்பு 96, இடை 84, இடுப்பின் அகன்ற பகுதி 108. கடையின் அளவுப் பட்டியலில் இந்த மூன்று எண்களுக்கும் எது பொருந்துமோ அதையே எடுத்தேன். உடை மாற்றிப் பார்க்கும் அறையில் நேராக நின்று பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. விழாவில் முன்வரிசையில் உட்கார்ந்த முதல் நிமிடத்திலேயே துணி தோளையும் கவட்டையையும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்தது. ஒலிவாங்கியை உயர்த்திச் சரிசெய்யக் கையைத் தூக்கும்போதெல்லாம் இடைத் தையல் மார்புக்குக் கீழே ஏறிக்கொண்டது, கையை இறக்கிய பிறகும் தானாகத் திரும்பவில்லை. மூன்று மணி நேரம் ஒரு கையால் உடையைக் கீழே இழுத்தபடியே பேசினேன். அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் என் இடக்கை இடுப்பிலேயே இருக்கிறது.

மறுவாரம் மாற்றிக் கேட்கப் போனபோது அங்கிருந்த விற்பனையாளர், "மேடம், ஜம்ப்சூட் உங்கள் உடம்புக்கு வராது, உயரமாக, ஒல்லியாக இருப்பவர்களுக்குத்தான் அது" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, உதவுவதாகவே நினைத்திருப்பார். அதனால்தான் அது ஆழமாகத் தைத்தது. அடுத்த பெரிய அளவையும் போட்டுப் பார்த்தேன். மார்பிலும் தொடையிலும் சாக்கு போலத் தொங்கியது. உட்கார்ந்தால் கவட்டையில் அப்போதும் இழுத்தது. பெரிதாக வாங்கியும் ஏன் இழுக்கிறது என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. வாங்கியதையே எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அலமாரியின் அடியில் வைத்துவிட்டேன்.

அதை வெளியே எடுக்க வைத்தவர் எனக்கு வழக்கமாகத் தைத்துக் கொடுக்கும் அக்கா. அவர் மார்பையும் இடையையும் அளக்கவே இல்லை. ஒரு நாடாவை எடுத்து அதன் நுனியை என் தோளின் நடுவில் வைத்து, முன்பக்கமாக மார்பின் மேல் இறக்கி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், முதுகு வழியாக மீண்டும் அதே தோளுக்குக் கொண்டுவந்தார். தையல் டேப் 150 செ.மீ.தான் இருக்கும் என்பதால் இந்தச் சுற்றுக்கு அது எட்டாது, அதற்காகத்தான் நாடா. எனக்கு 162 செ.மீ. வந்தது. பிறகு உடையைத் தரையில் விரித்து, தோள் தையலிலிருந்து கவட்டைத் தையல் வரை முன்பக்கமும் பின்பக்கமும் தனித்தனியே அளந்து கூட்டினார். 160 வந்தது. கொஞ்சமும் நெகிழாத துணியில், என் உடலைவிட 2 செ.மீ. குறைந்த ஒரு வளையத்துக்குள் நான் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

"உனக்குக் கால் குட்டை, மேலுடம்பு நீளம், அவ்வளவுதான் விஷயம்" என்றார். எனக்குக் கால் எப்படியும் தரையில் புரண்டுகொண்டிருந்தது. அடியில் 10 செ.மீ. வெட்டி எடுத்தார். இடைத் தையலைப் பிரித்து, வெட்டிய அதே துணியில் 4 செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டி செய்து இடையில் வைத்துத் தைத்தார். முன்னால் 4, பின்னால் 4 என்று சுற்றில் மொத்தம் 8 செ.மீ. கூடியது. பட்டி இருந்ததால் இடை எங்கே என்று பார்ப்பவர் கண்ணுக்கும் தெரிந்தது. விற்பனையாளர் எனக்கு வராது என்று சொன்ன அதே உடையை இன்றுவரை அணிகிறேன்.

சட்டையும் பேன்டும் தனித்தனியாக இருக்கும்போது, மேலுடம்பு நீளமானவர்களுக்கு நடுவில் ஓர் இடைவெளி கிடைக்கிறது. குனிந்தால் சட்டை மேலே போகும், பேன்ட் கீழே போகும், யாருக்கும் வலிக்காது. ஜம்ப்சூட்டில் அந்த இடைவெளியைத் தைத்து மூடிவிடுகிறார்கள். உட்காரும்போதும் குனியும்போதும் முதுகுப்பக்க நீளம் கூடும், அதற்கான துணி உடைக்குள் முன்பே இருந்தாக வேண்டும். இந்த உடையின் தொடக்கத்தை நினைத்தால் இது எளிதில் விளங்கும். 1919-ல் ஃபிளாரன்ஸ் நகரில் தயாட் என்ற புனைபெயர் கொண்ட கலைஞர் 'தூத்தா' என்ற பெயரில் ஒற்றைத் துண்டு உடையை வடிவமைத்தார். எவரும் வீட்டில் தைத்துக்கொள்ளட்டும் என்று அதன் வெட்டுப் படிவம் மறு ஆண்டே நாளிதழில் வெளியானது. ஜம்ப்சூட் என்ற பெயரோ பாராசூட்டில் குதிப்பவர்களின் உடையிலிருந்து வந்தது. குனிந்து நிமிர்ந்து வேலை செய்யும் உடல்களுக்காகத் தளர்வாகப் பிறந்த உடையைப் பார்த்து, "உங்கள் உடம்புக்கு வராது" என்று ஒருவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் உண்மையான ஆதங்கம் அளவுப் பட்டியல்களின் மீது. 1939-40-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரையும் 59 இடங்களில், அளந்தது. வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொண்ட குறை அந்த ஆய்வுக்கு உண்டு. அதிலிருந்து 1958-ல் வந்த அளவுத் தரமும் 1983-ல் திரும்பப் பெறப்பட்டது. இருந்தாலும், ஒரு பெண்ணின் உடலைப் புரிந்துகொள்ள 59 அளவுகள் வேண்டும் என்று அன்றே நினைத்திருக்கிறார்கள். இன்று இணையத்தில் ஒரு ஜம்ப்சூட் வாங்கப் போனால் மார்பு, இடை, இடுப்பு என்று மூன்று எண்கள் மட்டுமே பெரும்பாலும் கிடைக்கின்றன. அளவு ஒரு படி கூடும்போது சுற்றளவுகள் கூடும் விகிதத்தில் மேலுடம்பின் நீளம் கூட்டப்படுவதில்லை. அணிபவர் பருத்திருக்கிறாரே தவிர உயரம் அதேதான் என்று வைத்துக்கொண்டு வெட்டுகிறார்கள். பெரிய அளவு எனக்குச் சாக்கு போலத் தொங்கியபடியே இழுத்ததற்கு இதுதான் காரணம். திருப்பி அனுப்பும்போது காரணம் கேட்கும் படிவத்திலும் 'பெரியது', 'சிறியது' என்ற இரண்டைத் தவிர, 'மேலுடம்பு நீளம் போதவில்லை' என்ற வரி ஒன்றை நான் கண்டதே இல்லை. நாம் சொல்ல வழியில்லாத குறையை அவர்கள் எப்படித் திருத்துவார்கள்?

ஆகவே முதலில், அக்கா செய்தது போலத் தோளிலிருந்து கவட்டை வழியாக மீண்டும் தோள் வரை நாடாவால் உங்கள் சுற்றை அளந்துகொள்ளுங்கள். நெகிழாத துணியென்றால் உடையின் சுற்று உங்கள் சுற்றைவிட 5 முதல் 8 செ.மீ. வரை அதிகமாக இருக்கட்டும். லைக்ரா கலந்த பின்னல் துணியென்றால் ஏறக்குறைய சமமாக இருந்தாலும் போதும். இணையத்தில் வாங்கும்போது, தோள் தையலிலிருந்து கவட்டை வரை முன்னும் பின்னும் எவ்வளவு என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். கடையில் வாங்கினால் நாற்காலியில் உட்காருங்கள், இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், செருப்பு வாரைப் போடுவது போலக் குனியுங்கள். இதில் எதற்காவது உடையை இழுத்துவிட வேண்டியிருந்தால், நின்றபடி அது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

நீளம் சரியான பிறகே உடல்வாகைப் பற்றிப் பேச முடியும். பேரிக்காய், ஆப்பிள் என்று பழங்களின் பெயரால் பெண்களின் உடலை வகைப்படுத்துவது எனக்குப் பிடிக்காது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களின் அளவுகளை ஆராய்ந்தபோது, மார்பும் இடுப்பும் அகன்று இடை மட்டும் குறுகிய, எல்லோரும் இலக்கணமாகச் சொல்லும் மணற்கடிகை உடல்வாகு ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கே இருந்தது. 46 விழுக்காட்டினர் மேலிருந்து கீழ்வரை அதிக வேறுபாடின்றி நேராக இருந்தனர். நூற்றில் எட்டுப் பேருக்கு அமைந்ததை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவர்கள் தங்களைக் குறைத்து எண்ண வேண்டியதில்லை.

உங்களைப் போல, என்னைப் போல, இடுப்பு அகன்றவர்கள் இடுப்பின் அகன்ற பகுதிக்கு ஏற்றபடி அளவை எடுத்து, இடையையும் தோளையும் பிடித்துத் தைத்துக்கொள்வதே நல்லது. இறுக்கமானதைத் தளர்த்தத் தையலுக்குள் துணி இருக்காது. கால் பகுதி இடுப்பின் அகன்ற இடத்திலிருந்து நேராகக் கீழே விழ வேண்டும். கணுக்காலில் குறுகும் வெட்டு இடுப்பை இன்னும் அகலமாகக் காட்டும். பக்கப் பை வாய் திறந்துகொண்டு நின்றால் அங்கே துணி போதவில்லை என்று பொருள். கழுத்தையோ தோளையோ சற்று விரிவாகக் காட்டும் படகுக் கழுத்து, சிறிய கொசுவம் வைத்த கை போன்றவை மேலுக்கும் கீழுக்கும் சமநிலை தரும். உயரம் குறைந்தவர்கள் கெண்டைக்காலின் நடுவில் முடியும் நீளத்தைத் தவிர்க்கலாம். அது காலின் தடித்த இடத்தில் கோடு கிழித்தது போல வெட்டிக் காட்டும். கணுக்கால் எலும்பு தெரியும்படியோ, செருப்பின் மேல் படியும்படியோ இருக்கட்டும். குட்டையானவர்களுக்கான தனி அளவுகள் பெரும்பாலும் 160 செ.மீ. வரை உயரமுள்ளவர்களை மனத்தில் வைத்து வெட்டப்படுகின்றன. ஆனால் அவற்றில் காலோடு மேலுடம்பையும் குறைத்திருப்பார்கள். உங்களுக்கு மேலுடம்பு நீளமென்றால் அவையும் இழுக்கும், சாதாரண அளவை வாங்கிக் காலை வெட்டுவதே மேல்.

மார்பு பெரியவர்களுக்குத் துணி மார்பின் மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் முன்பக்க நீளம் கூடுதலாகத் தேவைப்படும். முன்பக்க இடைத் தையல் மட்டும் மேலே ஏறி நின்றால் இதுதான் காரணம். தோளிலிருந்து நீளவாக்கில் தையல் ஓடும் பிரின்சஸ் கட், அல்லது ஒன்றின் மேல் ஒன்று படியும் முன்பக்கம் இவர்களுக்கு நன்றாக அமையும்; பிந்தையதில் உள்ளே ஒரு அழுத்துபொத்தான் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு முன்தள்ளியவர்கள் இடைத் தையல் தொப்புளுக்குச் சற்று மேலே அமைவதையும், எலாஸ்டிக் பின்பக்கம் மட்டும் இருப்பதையும் பாருங்கள். வயிற்றின் உச்சியில் நாடாவை இறுக்கிக் கட்டுவது யாருக்கும் எடுப்பாக இருந்து நான் பார்த்ததில்லை. தோள் அகன்றவர்களுக்கு ஆங்கில வி வடிவக் கழுத்தும் அகலக் காலும் போதும். உயரமாக, நேராக இருப்பவர்கள் பெல்ட்டும் பெரிய பைகளும் வைத்ததை எடுக்கலாம். தொடை உரசுபவர்கள் மெல்லிய ரேயானைத் தவிர்த்துச் சற்றுக் கனமான துணியை எடுங்கள். உள்தொடைத் தையலை இரட்டைத் தையலாகப் போடச் சொல்லுங்கள்.

"எது எடுப்பாக இருக்கும் என்று எதற்குக் கேட்க வேண்டும், பிடித்ததைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே" என்று கருத்துப் பகுதியில் யாராவது எழுதுவார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. மெலிந்து தெரிவதற்கான வழி எதையும் நான் இங்கே சொல்லவில்லை. ஒருத்தி மேடையில் நிற்கும்போது அவள் கை உடையைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். "ஒரு கடையில் ஒருவர் சொன்னதற்கு இவ்வளவு வருத்தமா" என்று கேட்பவர்கள், அதே சொல்லைக் கேட்டுவிட்டுத் தனக்குப் பிடித்த ஓர் உடையைப் பல ஆண்டுகள் தொடாமலே இருந்த பெண் ஒருத்தியையாவது கட்டாயம் அறிந்திருப்பார்கள்.

வாங்கும் முன் ஜிப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முதுகில் கழுத்து வரை ஏறும் ஜிப் என்றால், கழிவறையில் யார் துணையுமின்றி அதைக் கழற்றிப் போட உங்களால் முடிகிறதா என்று கடையிலேயே செய்து பார்த்துவிடுங்கள். பாலூட்டுபவர்களுக்கும் தோள்வலி உள்ளவர்களுக்கும் முன்பக்கத் திறப்புதான் சரி. வாங்கிய பிறகு, காலை வெட்டும் முன் ஒருமுறை துவைத்துக் காய வையுங்கள், ஏனெனில் பருத்தியும் ரேயானும் முதல் துவைப்பில் நீளவாக்கில் சுருங்கக்கூடும். அன்றாடம் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்று நீளத்தைக் குறித்துக் கொடுங்கள். வெட்டிய துணியைத் தையல்காரரிடமிருந்து கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடையில் பட்டி வைக்க வேண்டி வந்தால் அதே நிறத்தில், அதே நெசவில் துணி வேறெங்கும் கிடைக்காது.