காற்று ஓயட்டும் என்று துறைமுகத்தில் காத்திருப்பவர்களுக்கு: கேள்வி பதில்

பயணத்தின் நடுவில் வானிலை கெட்டு, படகைக் கட்டிப் போட்டிருப்பவர்கள் கேட்டவை.

கேள்வி: வெயில் அடிக்கிறது, காற்றும் இறங்கிவிட்டது. இன்னும் ஏன் கிளம்பக் கூடாது?

பதில்: காற்று நின்ற பிறகும் கடல் அடங்க நேரம் பிடிக்கும். உள்ளே கட்டியிருக்கும் படகிலிருந்து பார்த்தால் இது தெரியாது. அலைத்தடுப்புச் சுவரின் முனைவரை நடந்து போய், துறைமுக வாயிலைப் பத்துப் பதினைந்து நிமிடமாவது விடாமல் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். நடுவில் கடல் தணிந்ததுபோல் இருக்கும். அந்த இடைவெளியை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வாயிலுக்குக் குறுக்கே அலை வெள்ளையாக உடைந்தால் அன்றைக்குப் பயணமில்லை. வற்றும் நீர் வெளியே பாயும் நேரத்தில் எதிரே அலை வந்தால், அது குறுகிச் செங்குத்தாக எழும்பும். அதனால் நீர் ஏறி முடியப்போகும் வேளையில் வாயிலைக் கடப்பது நல்லது.

கேள்வி: முன்னறிவிப்பில் காற்று 20 நாட், அலை 2 மீட்டர் என்கிறார்கள். போகலாமா?

பதில்: இரண்டுமே சராசரிக் கணக்கு. 20 நாட் என்றால் மணிக்கு 37 கி.மீ.; வீச்சாக அடிக்கும்போது 28 நாட் வரை போகலாம். 2 மீட்டர் என்பது, வரும் அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு வரலாம். சின்னப் படகு, பழக்கமில்லாத ஆட்கள் என்றால் போகவே போகாதீர்கள்.

கேள்வி: கயிறு அறுந்துவிடுமோ என்ற பயத்தில் இரவெல்லாம் தூக்கமே இல்லை.

பதில்: நல்ல கயிறு இழுவையில் அறுவதைவிடத் தேய்ந்து அறுவதுதான் அதிகம். படகின் விளிம்பில் உரசும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். இழை பஞ்சாக எழும்பியிருந்தால் தேய்மானம் தொடங்கிவிட்டது. ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டிக் கயிற்றை அதற்குள் கோத்து, நகராதபடி கட்டுங்கள். முக்கியமான கயிறு ஒவ்வொன்றுக்கும் துணையாக இன்னொன்று போடுங்கள். நீர்மட்டம் ஏறி இறங்க இடம்விட்டுத்தான் கட்ட வேண்டும். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய 1 செ.மீ. உயரும், கரையை நோக்கி அடிக்கும் காற்று இன்னும் ஏற்றிவிடும். சுருட்டி வைத்த முன்பாயைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு நுனி பிரிந்தாலும் காற்று அதை நார்நாராகக் கிழித்துவிடும்.

கேள்வி: காற்றழுத்தமானி எவ்வளவு இறங்கினால் கவலைப்பட வேண்டும்?

பதில்: 3 மணி நேரத்தில் 6 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கினால் மிக வேகமான இறக்கம். மளமளவென்று ஏறினாலும் பலத்த காற்று உண்டு, ஏமாந்துவிடாதீர்கள்.

கேள்வி: திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். என்ன செய்ய?

பதில்: படகை நன்றாகக் கட்டிவிட்டு, பார்த்துக்கொள்ளச் சொல்லி, பேருந்தில் போங்கள். பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். தேதியைப் பார்த்துக் கிளம்புவதைப் போல ஆபத்து வேறில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் பயந்தாலும் அதைக் காரணமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒருவழியாகக் கிளம்புகிறோம். வெளியே போய்ச் சரிப்படவில்லை என்றால்?

பதில்: திரும்பலாம், ஆனால் அதற்கும் நேரம் குறித்துக்கொண்டு போங்கள். அலை பின்னாலிருந்து தள்ளும்போது வாயிலில் நுழைவது, வெளியேறுவதைவிடக் கடினம். படகு பக்கவாட்டில் திரும்பிக் கவிழக்கூடும். நீர் வற்றத் தொடங்குமுன் முடிவெடுங்கள். அது தாண்டிவிட்டால், ஆழமான வாயில் உள்ள வேறு துறைமுகத்துக்குப் போங்கள்.