முருகனுக்கு வேண்டிக்கொண்ட முடி

அன்புள்ள ஐயா,

அச்சகத்தில் எழுத்துக் கோத்த நாட்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். அதில் 'அப்போது எனக்குத் தோள்வரை முடி' என்று ஒரு வரி போகிறபோக்கில் வந்தது. நான் பிறந்தது 1991. சிங்கப்பூரில் ஆண்கள் முடி வளர்ப்பதை அரசாங்கமே தடுத்தது என்று தாத்தா சொன்னபோது கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்தப் பழைய சுவரொட்டியை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். நீங்கள் ஹிப்பியாக இருந்தீர்களா? உங்கள் தலைமுறை முடியை வைத்து ஒரு போராட்டம் நடத்தியது என்று சொல்லலாமா? வீட்டில் என்ன சொன்னார்கள்? அந்தக் காலத்துப் படம் இருந்தால் போடுங்களேன்.

ச., ஈசூன்

அன்புள்ள ச.,

தாத்தா கதை விடவில்லை. முதலில் அவரிடம் போய் அதைச் சொல்லிவிடுங்கள்.

'நீண்ட முடி வைத்த ஆண்கள் கடைசியாகத்தான் கவனிக்கப்படுவார்கள்' என்பதுதான் நீங்கள் பார்த்த சுவரொட்டி. எது நீளம் என்பதையும் அதில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். நெற்றியில் விழும் முடி புருவத்தைத் தொட்டால் நீளம், காதை மூடினால் நீளம், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீளம். எனக்கு மூன்றும் பொருந்தும். தேசிய சேவையை, அதாவது கட்டாய ராணுவப் பணியை, முடித்து 1973இல் வெளியே வந்தவன் நான். ஒட்ட வெட்டியே கிடந்த தலைக்கு விடுதலை கிடைத்ததும் கத்திரிக்கோல் பக்கமே போகவில்லை.

அச்சகத்து வேலையாகப் பணம் கட்ட அடிக்கடி ஓர் அலுவலகத்துக்குப் போவேன். எது என்பது இப்போது வேண்டாம். என் முறை வரும்போது கவுண்டரில் இருந்த தமிழ் அக்கா என் முகத்தைப் பார்க்கமாட்டார், தலையைத்தான் பார்ப்பார். பேனாவால் சுவரைக் காட்டுவார். "எனக்கொண்ணும் இல்ல தம்பி, உள்ள இருக்குறவரு பார்க்குறாரு. கொஞ்சம் ஓரமா நில்லுங்க." எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் முடித்துக்கொண்டு போவார்கள். ஒரு நாள் கடைசியில் நானும் ஒரு சீனப் பையனும் மட்டும் மிஞ்சினோம். இரண்டு பேருக்கும் நீண்ட முடி. இதில் யார் கடைசி? அதைப் பற்றிச் சுவரொட்டியில் ஒன்றும் இல்லை. அந்த அக்கா எழுந்து, மேசைமேல் கையூன்றி எங்கள் இருவர் பிடரியையும் எட்டிப் பார்த்தார். பிறகு அவனை முதலில் கூப்பிட்டார். அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான் என்று எனக்குத் தோன்றியது.

தனியார் வேலை என்பதால் என் பிழைப்புக்கு ஆபத்தில்லை. அரசாங்க வேலையில் இருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். 1974இல் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களுக்கு முடிக்காக எச்சரிக்கை போனது. சிலருக்கு வேலையே போயிற்று.

ஹிப்பியா என்று கேட்டால், இல்லை. அசல் ஹிப்பிகள் இந்த ஊர் வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவிலிருந்து காபூல், டெல்லி, காட்மாண்டு என்று தரைவழியாக வந்தவர்களில் ஒரு கூட்டம் பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர், பாலி என்று இறங்கி ஆஸ்திரேலியா வரை போகும். பினாங்கில் பத்து ஃபிரிங்கி கடற்கரையில் அவர்கள் ஹாயாகக் கிடப்பார்கள். இங்கே அது நடக்காது. முடியை வெட்டிக்கொள், இல்லையென்றால் வந்த வழியே போ. லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கச்சேரியே 1972இல் முடியால் நின்றுபோனது. இவ்வளவுக்கும் 1969இல் அமெரிக்காவின் உட்ஸ்டாக் இசை விழாவின் முதல் நாள் மேடையில் அத்தனை ஹிப்பிகளுக்கும் ஆசி சொன்னவர் கோயம்புத்தூர்ச் செட்டிபாளையத்துக்காரரான சுவாமி சச்சிதானந்தர். அவருடைய முடிக்கும் தாடிக்கும் எங்கள் கவுண்டரில் விளக்கை அணைக்கும் நேரத்தில்தான் முறை வந்திருக்கும்.

நான் பக்கத்தில் பார்த்த ஹிப்பி ஒருவன்தான். சிராங்கூன் ரோட்டு வாழையிலைக் கடையில் எதிரே உட்கார்ந்து ரசத்தைச் சோற்றில் கட்டத் தெரியாமல் இலையெல்லாம் ஓடவிட்டுக்கொண்டிருந்தான். காலில் செருப்பில்லை, பாதம் வெடித்துக் கறுத்திருந்தது. பரிமாறிய அண்ணன் என்னிடம் கேட்டார், "வெள்ளக்காரன், செருப்பு வாங்கக் காசில்லாமலா வந்திருப்பான்?" எனக்கும் பதில் தெரியவில்லை. என் அப்பா பதினெட்டு வயது வரை செருப்பில்லாமல் நடந்தவர். ஒரு கல்லூரிப் பையன் விரும்பிச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உலகம் சுற்றுகிறான் என்பதை அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? வசதியாக வாழ்ந்து சலித்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் துறப்பதற்கு ஏதோ இருந்தது. நாங்கள் அப்போதுதான் தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தோம்.

அப்பா இங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளமான நேவல் பேஸில் வேலை பார்த்தவர். 1971க்குள் படைகளைத் திருப்பி அழைக்கப்போவதாக பிரிட்டன் 1968 ஜனவரியில் அறிவித்ததும் அங்கிருந்த தமிழர்களும் மலையாளிகளும் ஆடிப்போனார்கள். கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். அப்பா போகவில்லை. கப்பல் பட்டறை கைமாறியபோது அங்கேயே தொற்றிக்கொண்டார். ஆனால் குடியுரிமை கிடைக்கவில்லை, எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். நான் இங்கே பிறந்தவன், என்னிடம் குடிமக்களுக்கான பிங்க் ஐசி, அதாவது அடையாள அட்டை. அவரிடம் குடியுரிமை இல்லாதவர்களுக்கான நீலம். என் முடியைப் பார்த்து அவர் ஹிப்பி என்று திட்டியதில்லை, பண்பாடு கெட்டது என்றும் சொன்னதில்லை. "உன் முடி என் ஃபைல்ல போய் உக்காரும்டா" என்றுதான் சொல்வார். ஆர்ச்சர்ட் ரோட்டில் போலீஸ் பிடித்த மூன்று மலேசிய இளைஞர்களுக்கு முடியை வெட்டிவிட்ட விவகாரம் 1970இல் பெரிதாகி, பிரதமர் லீயின் கோலாலம்பூர்ப் பயணமே தள்ளிப்போனதைப் பேப்பரில் படித்தவர். பிரதமரையே நிறுத்திய முடி தன்னை விட்டுவைக்குமா என்று அவர் நினைத்ததைக் குறை சொல்ல முடியாது.

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். ஒரு ராத்திரி சத்தம் பெரிதானபோது, "அது முருகனுக்கு வேண்டியிருக்கேன், தைப்பூசத்துக்கு எடுப்பான்" என்றார். சுத்தப் பொய். அப்பா அதற்குமேல் வாயே திறக்கவில்லை. அந்தப் பொய்யை நானும் கவுண்டரில் ஓட்டிப் பார்த்தேன். "எந்த வருசத் தைப்பூசம்?" என்று கேட்டார் அந்த அக்கா. என் பாச்சா பலிக்கவில்லை.

ஆனால் நாளாக ஆக அம்மாவே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். சாமிக்கு என்று சொன்ன பிறகு வெட்டாமல் விட்டால் குற்றமாகிவிடும் என்று அவருக்குப் பயம். தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை 1968லேயே போய்விட்டதால் 1975 ஜனவரியில் அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு விடியுமுன் மொட்டை போட்டுக்கொள்ளப் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் தெளித்து, நடுவகிட்டிலிருந்து கத்தியை இழுத்தார் அந்தப் பெரியவர். "நல்ல அடர்த்தி" என்று ஒரு வார்த்தை சொன்னார். சந்தனத்தைப் பூசிக்கொண்டு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அம்மாவுக்குப் பக்கத்தில் நடந்தேன். மறுநாள் அச்சகத்தில் சீனக் கூட்டாளிகள் என்னைத் திரும்பவும் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று நினைத்துத் துக்கம் விசாரித்தார்கள்.

ஆக, போராட்டம் என்று எழுதினால் என் கூட்டாளிகள் சிரிப்பார்கள். பட்டாளப் பயிற்சிக்குத் திரும்பக் கூப்பிடும் ரிசர்விஸ்ட் கடிதம் வந்தால் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே முடியை வெட்டிக்கொண்டு போய் நின்றவர்கள்தான். கேட்காமல் நானாகச் செய்துகொண்ட முதல் காரியம் என்ற வகையில் எனக்கு அந்த முடியின்மேல் பிரியம் உண்டு. அதற்குமேல் அதை ஏற்ற வேண்டாம்.

அரசாங்கத்தின் பயம் வெறும் கற்பனையும் இல்லை. முடிக்குப் பின்னால் கஞ்சா வரும் என்று நினைத்தார்கள். எம்.எக்ஸ். என்ற போதை மாத்திரை அப்போது மலிவாகப் புழங்கியது, பிறகு ஹெராயின் வந்தது. 1973இல் புதிய போதைப்பொருள் சட்டம் வந்தது, 1975இல் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு என்று அதை இறுக்கினார்கள். எங்கள் புளோக்கில் ஹெராயினில் விழுந்தவனை எனக்கு நன்றாகத் தெரியும். 1977இல் போதைப் பழக்கத்தில் இருந்தவர்களைப் பிடிக்கும் ஃபெரட் நடவடிக்கை தொடங்கியபோது அவனைக் கொண்டுபோனார்கள். அவன் முடி எப்போதும் ஒட்ட வெட்டி, எண்ணெய் வைத்து வாரியிருக்கும். எந்தக் கவுண்டரிலும் அவனை நிற்கவைத்திருக்க மாட்டார்கள்.

அப்பாவுக்குக் குடியுரிமை கிடைத்தது. என் முடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று கடைசிவரை அவரை ஒப்புக்கொள்ளவைக்க முடியவில்லை, முருகன் செய்தது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

படம் ஒன்று இருக்கிறது, கூட்டாளியின் அக்கா கல்யாணத்தில் எடுத்தது. முடியைக் காட்ட எனக்கு ஆட்சேபணையில்லை. அதற்குக் கீழே போட்டிருக்கும் பெல்பாட்டத்தைக் காட்டத்தான் மனம் வரவில்லை. மேல்பாதியை மட்டும் வெட்டித் தரச்சொல்லி மகளிடம் கொடுத்திருக்கிறேன், வந்ததும் போடுகிறேன்.