பார்த்த சாட்சி இல்லை, ஆனால் அடகு ரசீது இருக்கிறது

கேள்வி: எங்கள் தெருவில் தனியாக இருந்த 70 வயதுப் பாட்டி வீட்டுக்குள் கொலையுண்டு கிடந்தார். நகைகளைக் காணவில்லை. அவருக்குத் தண்ணீர் கேன் போட்டு, மருந்து வாங்கிக் கொடுத்து உதவிய என் தம்பியை ஐந்தாம் நாள் கைது செய்தார்கள். ஸ்டேஷனில் அடித்தார்கள். முதலில் வேறொருவரைப் பிடித்து, பிறகு விட்டுவிட்டார்கள். டிவியில் தம்பியின் முகத்தைக் காட்டி எங்கள் மானத்தை வாங்கிவிட்டார்கள். கொலையை யாரும் பார்க்கவில்லை. பாட்டியின் 2 பவுன் சங்கிலியைத் தம்பி தன் ஆதார் கொடுத்து 80,000 ரூபாய்க்கு அடகு வைத்திருக்கிறான். அது கொலைக்கு மறுநாள். பிணத்தைக் கண்டுபிடித்தது அதற்கும் அடுத்த நாள். செலவுக்கு வேண்டுமென்று பாட்டியே முந்தைய வாரம் கொடுத்தார் என்கிறான். அடகு ரசீதைப் போலீஸ் எங்கள் வீட்டுக்கு வந்து என்னிடமே வாங்கிப் போனது. மறுநாள்தான் அவனைக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். ஜாமீன் மனுவில் பழைய வக்கீல், ‘சங்கிலியை அவன் பார்த்ததே இல்லை, போலீஸ் ஜோடித்தது’ என்று எழுதினார். மனு தள்ளுபடி. இப்போது பாட்டியின் மகன், 4 லட்சம் தந்தால் நகையை அடையாளம் காட்ட மாட்டேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அடித்தது, டிவியில் காட்டியது, முதலில் பிடித்த ஆளை விட்டது, இதெல்லாம் உங்களை எவ்வளவு வதைக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் செஷன்ஸ் கோர்ட்டில் தீர்ப்பு இவற்றை வைத்து வராது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம், அடித்து வாங்கியதோ அடிக்காமல் வாங்கியதோ, சாட்சியம் ஆகாது; ஒரே ஒரு விதிவிலக்கைப் பின்னால் சொல்கிறேன். அதைப் பொய்யென்று நிரூபிக்க நீங்கள் ஓடியாட வேண்டியதில்லை.

இந்த வழக்கில் இருப்பது ஒரே கேள்வி. கொலைக்கு மறுநாள் இறந்தவரின் சங்கிலி உங்கள் தம்பி கைக்கு எப்படி வந்தது?

திருடுபோன பொருள் சீக்கிரத்திலேயே ஒருவர் கையில் இருந்து, அதற்கு அவர் கணக்குச் சொல்லாவிட்டால், அவரே திருடினார் அல்லது திருட்டென்று தெரிந்தே வாங்கினார் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 114-ஆவது பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 119-ஆவது பிரிவு. கொலையும் கொள்ளையும் ஒரே மூச்சில் நடந்தவை என்று தெரிந்தால், இந்த அனுமானத்தைக் கொலை வரைக்கும் இழுத்துப்போக அரசுத் தரப்பு பார்க்கும். நகை கையில் இருந்தது என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கொலைகாரன் என்று சொல்ல முடியாது என்று சன்வத் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1950-களிலேயே சொல்லிவிட்டது. அதே நீதிமன்றம் 1983-ல் ஏரபத்ரப்பா வழக்கில், நகை கிடைத்தது ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான் என்றாலும், கொலைக் குற்றவாளி என்ற தீர்ப்பை உறுதிசெய்தது. அந்த ஆள் பொய்ப் பெயரில் வீட்டு வேலைக்குச் சேர்ந்தவர், சம்பவத்தன்றே தலைமறைவானவர், நகைக்குச் சரியான விளக்கம் சொல்லாதவர். வித்தியாசத்தைப் பாருங்கள். நகையைச் சுற்றி அந்த மனிதர் எப்படி நடந்துகொண்டார், என்ன சொன்னார் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. உங்கள் தம்பி ஊரைவிட்டு ஓடவில்லை. பிணம் கிடைப்பதற்கு முன்பே, தன் சொந்தப் பெயரில், ஆதார் கொடுத்து அடகு வைத்திருக்கிறான். இது அவனுக்குச் சாதகம்.

இன்னொரு நல்ல விஷயத்தை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். ரசீதைப் போலீஸ் முதலில் உங்களிடம் வாங்கியது, கடைக்கு அவனைக் கூட்டிப்போனது மறுநாள். நான் சொன்ன விதிவிலக்கு இதுதான்: குற்றம் சாட்டப்பட்டவர் போலீசிடம் சொன்ன தகவலால் புதிதாக ஒன்று வெளிப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் வாக்குமூலம் செல்லும். அந்த எல்லையை 1940-களில் புலுக்குரி கோட்டயா வழக்கில், பிரிட்டிஷ் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வகுத்தது, இன்றுவரை அதுதான் அளவுகோல். ஏற்கெனவே கையில் ரசீது இருக்கும்போது அவன் சொல்லி எதையும் ‘கண்டுபிடிக்க’ முடியாது. ரசீதை வாங்கியது எந்தத் தேதி, எத்தனை மணி, யார் வந்தார்கள், வீட்டில் யார் இருந்தார்கள் என்று இன்றே எழுதி வையுங்கள். பொருளைக் கைப்பற்றிய விவரத்தைப் போலீஸ் எழுதும் மகஜரில் விஏஓவும் தலையாரியும் கையெழுத்துப் போட்ட நேரத்தோடு இதை ஒப்பிட வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. அந்தப் பதிவு இருந்தால் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

ஆனால் இதோடு விடுதலை கிடைத்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள். வாக்குமூலம் விழுந்தாலும் அடகுக் கடைக்காரர் கூண்டில் ஏறுவார். பதிவேட்டைக் காட்டி, இவர்தான் வந்தார், இந்தத் தேதி, இந்தக் கையெழுத்து என்பார். அதைக் கடந்துபோக உங்களுக்கு வழியில்லை. எனவே மறுபடியும் அதே கேள்விக்குத்தான் வந்து நிற்கிறோம்.

என் கட்சிக்காரர்கள் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது. நேரில் பார்த்தவர் இல்லாமல் சூழ்நிலைகளை வைத்து நடக்கும் சந்தர்ப்ப சாட்சிய வழக்குகளில், அரசுத் தரப்பின் சாட்சியச் சங்கிலியில் விட்டுப்போன கண்ணியை குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பமே செய்து கொடுப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். ஜாமீன் மனுவில் ஒரு கதை, குறுக்கு விசாரணையில் ஒரு கதை, கடைசியில் நீதிபதி கேட்கும்போது ஒன்றுமே தெரியாது.

அந்தக் கடைசிக் கட்டம் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். அரசுத் தரப்பு சாட்சிகள் முடிந்ததும், குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதியே கேள்வி கேட்கும் விசாரணை வரும்; நடைமுறைச் சட்டத்தில் முன்பு 313, இப்போது 351-ஆவது பிரிவு. கேள்விகளைத் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். நீங்கள் இந்தத் தேதியில் இந்தக் கடையில் சங்கிலியை அடகு வைத்ததாக இந்தச் சாட்சி சொல்கிறாரே, என்ன சொல்கிறீர்கள்? ‘பொய்.’ அடுத்த கேள்வி. ‘பொய்.’ கேள்வி எத்தனை இருந்தாலும் பதில் ‘பொய்’தான். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நேரில் பார்த்த சாட்சியை வைத்து நடக்கும் வழக்கில் இதனால் பெரிய சேதம் இல்லை. இந்த மாதிரி வழக்கில் இது தற்கொலைக்குச் சமம். பதிவேட்டில் கையெழுத்து இருக்கும்போது அடகு வைக்கவே இல்லை என்றால், அந்தப் பொய்யே கூடுதல் கண்ணி ஆகிவிடும். மற்ற கண்ணிகள் நிரூபணமாகாமல் பொய் விளக்கத்தை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று 1984-ல் சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பு சொன்னது உண்மைதான். ஆனால் மற்ற கண்ணிகள் அரைகுறையாக நிற்கும் வழக்கில், பொய்யைப் பார்த்ததும் நீதிபதியின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் விஷயத்தில் முதல் கதை ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. ஜாமீன் மனுவில் வக்கீல் எழுதிய வரி அவனைக் கட்டுப்படுத்துமா என்று வாதாடலாம், வாதாடத்தான் வேண்டும். ஆனால் அதை அரசு வக்கீல் எடுத்து நீட்டுவார். ஆகவே இனி வரும் எந்த மனுவிலும் அந்த வரி மறுபடி வரக்கூடாது. ஜெயிலில் மனுக் கொடுத்து அவனைப் பார்க்கும்போது கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து ‘இப்படிச் சொல்லுடா’ என்று நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். புதிய வக்கீல் தனியாக உட்கார்ந்து அவனிடம் கேட்கட்டும். அவன் சொல்லும் உண்மை எதுவோ, அதை வைத்துத்தான் கடைக்காரரையும் பாட்டியின் மகனையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், அதையே 351-ல் எழுத்து மூலமாகவும் கொடுக்க வேண்டும். குறுக்கு விசாரணையில் ‘இப்படித்தானே நடந்தது’ என்று வக்கீல் சாட்சியிடம் வைக்கும் யோசனைகளும் கட்சிக்காரருக்கு எதிராகப் பயன்படலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது.

அவன் விளக்கத்தில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, உங்கள் கடிதம் அதைத் தொடவே இல்லை. 80,000 ரூபாய் எங்கே? பாட்டி செலவுக்குக் கொடுத்த நகை என்றால் பணம் பாட்டிக்குப் போயிருக்க வேண்டும். அவர் அதற்குள் இறந்துவிட்டார். பிணம் கிடைத்த பிறகும் அவன் ஏன் மகனிடம் சொல்லவில்லை? பயந்தான் என்றால் நம்பலாம். வண்டித் தவணை கட்டினான் என்றால் அதையும் வக்கீலிடம் இப்போதே சொல்லட்டும். முந்தைய வாரமே கையில் வாங்கியதை ஏன் அத்தனை நாள் வைத்திருந்தான் என்பதற்கும் பதில் வேண்டும்.

விளக்கத்துக்குத் துணை வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரைத் தயார் செய்யாதீர்கள். அவன் அன்று இரவு எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான் என்று அத்தை மகனைக் கொண்டுவருகிற வேலையும் வேண்டாம், செல்போன் டவர் அதை ஒரு நிமிடத்தில் உடைத்துவிடும். தேட வேண்டியது காகிதத்தை. இதற்கு முன் பாட்டிக்காக அவன் அதே கடையில் எதையாவது அடகு வைத்திருக்கிறானா, மீட்டிருக்கிறானா? பழைய பதிவேட்டில் அப்படி ஒரு பதிவு இருந்தால் உங்கள் வழக்கின் உயிர் அதில் இருக்கிறது. அந்த வாரத்து மருத்துவச் செலவு, பாட்டி அவனுக்குச் செய்த போன் அழைப்புகள், தெருவில் இருக்கும் கேமரா, இவற்றைப் பாதுகாக்கச் சொல்லி உடனே மனுப் போடுங்கள். கேமராப் பதிவு சில வாரங்களில் அழிந்துவிடும்.

இப்போது அந்த 4 லட்சம். கொலை சமரசத்துக்கு உட்பட்ட குற்றம் அல்ல, மகன் மன்னித்தாலும் வழக்கு நிற்கும். அவர் அடையாளம் காட்டாவிட்டால் மகள் காட்டுவார், கல்யாண ஆல்பத்தில் பாட்டி கழுத்தில் அந்தச் சங்கிலி இருக்கும். நீங்கள் பணம் கொடுத்த செய்தி வெளியே வந்தால் உங்கள் மீதே வழக்கு வரும், தம்பிக்கு ஜாமீன் கனவாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டியே கொடுத்தது என்பதுதான் உங்கள் வாதம் என்றால், அது பாட்டியின் நகை என்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அப்புறம் அடையாளம் காட்டாமலிருக்க எதற்குப் பணம்? அவர் மறுபடி போன் செய்தால் எடுக்காதீர்கள். அடகுப் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று நீங்களாகவும் போகாதீர்கள். நகையை நீதிமன்றம் யாருக்குக் கொடுத்தாலும் உரிமை கேட்க வேண்டாம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், இதைக் கேட்க உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். கொலையிலிருந்து விடுதலை, நகை விஷயத்தில் மட்டும் தண்டனை என்று இந்த வழக்கு முடிய வாய்ப்பிருக்கிறது. திருட்டுப் பொருளை வைத்திருந்த குற்றத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. கொலைக்குக் குறைந்தபட்சமே ஆயுள். தீர்ப்பு அப்படி வந்தால், மானம் போய்விட்டது என்று மேல்முறையீட்டுக்குக் கிளம்புவதற்கு முன் வக்கீலோடு உட்கார்ந்து யோசியுங்கள். அவன் உள்ளே இருந்த காலம் தண்டனையில் கழிந்துவிடும்.

ஜாமீனுக்கு மாதா மாதம் மனுப் போட்டுத் தள்ளுபடி வாங்காதீர்கள். முதல் ரிமாண்டிலிருந்து 90-ஆவது நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவன் உரிமை, ஆனால் வருவதற்கு முன்பே மனு கோர்ட்டில் இருந்தாக வேண்டும். வந்துவிட்டால், முழு ஆவணக் கட்டையும் நகல் வாங்கி, ரசீது பற்றி அதில் என்ன தேதி போட்டிருக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.