வயலை ஈடு வைக்காதீர்கள், அம்மா

முரசுமோட்டையிலிருந்து வந்த உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் இரண்டாம் தடவையும் எழுதிய மகளுக்கு ஒரு சி, இரண்டு எஸ்; எஸ் என்றால் வெறும் சாதாரண சித்திதான். வெளிநாட்டில் மருத்துவம் படிக்க அனுப்பலாம், பாதிப் பணம் தருகிறேன் என்கிறார் கனடாவிலுள்ள சித்தப்பா. மீதிக்கு இரணைமடுத் தண்ணீர் பாயும் வயலை ஈடு வைக்க வேண்டும். பிள்ளையோ சமூகப் பணி படிக்கப் போகிறேன் என்கிறாள், சொந்தக்காரர் சிரிக்கிறார்கள். 2009இல் எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பத்துக்கு 'டொக்டர்' என்ற சொல் எவ்வளவு பெரிது என்று எனக்கும் தெரியும். அதற்காகத் தலையாட்ட முடியாது.

வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்புகிறவர்கள் இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே தொழில் செய்யலாம். உயர்தரப் பெறுபேற்றுக்கும் சபை ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. உங்கள் மகளின் பெறுபேறு அதற்குப் போதுமா என்று சபையிடமே எழுத்தில் கேளுங்கள். முகவரிடம் கேட்காதீர்கள்; அவருக்கு எல்லாப் பெறுபேறும் போதும்.

தாதியர் பயிற்சி, கல்வியியற் கல்லூரி பற்றி ஊரே சொல்லியிருக்கும். விடுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரன் கசிப்புக் குடித்துவிட்டு மனைவியை அடித்த இரவில் அந்தப் பிள்ளைகளை உங்கள் மகள் வீட்டுக்குக் கூட்டிவந்து படுக்க வைத்தாள், மறுநாள் அந்தப் பெண்ணோடு பிரதேச செயலகத்துக்கும் போனாள் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த இடந்தான்.

அவள் தெரியாமலே செய்த அந்த வேலைக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கொடுக்கலாம். பிறகு 12 மாதம் வரை நீளும் கட்டளை. இரு தரப்புக்கும் ஆலோசனை வழங்கவும், கட்டளை மீறப்படுகிறதா என்று பார்க்கவும் சமூகப் பணியாளர் ஒருவரை நீதிமன்றம் நியமிக்கலாம். கட்டளை கடதாசியில் இருக்கும். அடித்தவனோ அதே வீட்டுப் படலையில் நிற்பான். யாராவது வாராவாரம் போய்ப் பார்க்க வேண்டும். சீட்டுக் காசும் நுண்கடன் தவணையும் சண்டைக்கு எண்ணெய் ஊற்றுகின்றனவா, பெரிய பையன் ஏன் பள்ளிக்கூடம் போவதில்லை என்று விசாரிக்க வேண்டும்.

இளைஞர் கும்பல்களின் வாள்வெட்டிலும் இப்படி யாராவது இடையில் போகத்தான் வேண்டும். ஒருவன் காயப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பான். பழிக்குப் போக அவன் தம்பி மோட்டார் சைக்கிளை உதைப்பான். அந்த இடைவெளியில் அந்தத் தம்பி மதிக்கிற ஒருவர் போய்ப் பேசினால் அடுத்த வெட்டு விழாமல் போகலாம். அமெரிக்காவின் சிக்காகோவில் 2000ஆம் ஆண்டு இதையே ஒரு முறையாக்கித் தொடங்கினார் கேரி ஸ்லட்கின். வன்முறையும் தொற்றுநோய்போலப் பரவுகிறது, பரவும் இடத்திலேயே மறிக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அவர் ஒரு டொக்டர். சித்தப்பாவிடம் சொல்லுங்கள்.

படிக்கும் இடம் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம். சமூகப் பணியில் நான்கு வருடப் பட்டம் தருகிறது. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்காகக் காத்திருக்காமல் நிறுவகத்துக்கே நேரே விண்ணப்பிக்க வேண்டும். பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் என்பதால் இப்போதே தினமும் ஒரு மணிநேரம் ஆங்கிலம் வாசிக்கச் சொல்லுங்கள். வகுப்பறைக்குச் சமமாகக் களப் பயிற்சியும் உண்டு. அங்கேதான் பலர் தமக்கு ஒத்துவராது என்று உணர்கிறார்கள். உணர்ந்தால் அதுவும் நல்லதே.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். நன்னடத்தை உத்தியோகத்தர், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் போன்ற அரச பதவிகளுக்கு ஆட்சேர்ப்பு அறிவிப்பைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். தொண்டு நிறுவன வேலை திட்டம் முடிந்தால் முடிந்துவிடும். பிறர் வீட்டு அழுகையை இரவில் தன் வீட்டுக்குத் தூக்கி வரும் தொழில் இது; மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் அவள் சேரக்கூடாது. ஆனால் படித்து முடிக்கும்போது வயல் உங்களிடமே இருக்கும்.

மூன்றாம் தடவை எழுதுவதா என்பதை அவளே சொல்லட்டும். நீங்கள் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அடுத்த சனிக்கிழமை அவளை மட்டும் கிளிநொச்சிக்கு பஸ் ஏற்றிவிடுங்கள். சித்தப்பாவின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து அனுப்புங்கள். அவரோடு நான் கதைக்கிறேன்.