ஆம்ப்ளிஃபையரின் 'உம்' சத்தம்: கேள்வி - பதில்

கேள்வி: டிடிஏ 2030 என்ற, ஒலியைப் பெருக்கும் ஐ.சி. இரண்டு உள்ள ஸ்டீரியோ போர்டையும், 12-0-12 வோல்ட், 2 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரையும் வாங்கி வீட்டிலேயே ஓர் ஆம்ப்ளிஃபையர் செய்தேன். பாட்டை நிறுத்தினாலும் 'உம்' என்ற சத்தம் நிற்பதில்லை. ஒலியைக் கூட்டினால் பாஸ் கரகரக்கிறது. ஐ.சி.யை டிடிஏ 2050 ஆக மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றலாமா? - வாசகர், திருச்சி.

பதில்: வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் அதேதான் என்றால் ஐ.சி.யை மாற்றுவதால் சக்தி கூடாது. 12 வோல்ட் ஏ.சி.யை டி.சி.யாக்கினால் பிளஸ், மைனஸ் என்று பக்கத்துக்கு ஏறத்தாழ 16 வோல்ட்தான் கிடைக்கும். அதைக்கொண்டு 8 ஓம் ஸ்பீக்கரில் 12 வாட்டுக்கு மேல் எந்த ஐ.சி.யாலும் எடுக்க முடியாது.

முதலில் வால்யூமை அடியோடு குறைத்துப் பாருங்கள். சத்தமும் சேர்ந்து அடங்கினால் அது இன்புட் ஒயர் வழியாக நுழைகிறது. ஷீல்டு ஒயர் (மேலே உலோக வலை சுற்றியது) போட்டு, டிரான்ஸ்ஃபார்மரை விட்டு விலக்கிக் கொண்டுபோனால் தீர்ந்துவிடும். அடங்காவிட்டால் பெரும்பாலும் கோளாறு கிரவுண்ட் (எல்லாவற்றுக்கும் பொதுவான பூஜ்ய வோல்ட்) ஒயரிங்கில்தான் இருக்கும். டி.சி.யைச் சமப்படுத்தும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் ஒரே சீராக மின்சாரத்தை இழுப்பதில்லை. நொடிக்கு 100 முறை வெட்டி வெட்டி இழுக்கின்றன. அந்த ஓட்டம் செல்லும் ஒயரிலேயே இன்புட் கிரவுண்டையும் இணைத்திருந்தால், அந்தச் சில அங்குல ஒயரில் எழும் மிகச் சிறிய மின்னழுத்தத்தைக்கூட ஐ.சி. பாட்டு என்றே எடுத்துக்கொண்டு, 22 கிலோ ஓம், 680 ஓம் ரெசிஸ்டர்கள் போட்ட போர்டானால் சுமார் 33 மடங்கு பெருக்கிவிடும். ஆகவே டிரான்ஸ்ஃபார்மரின் நடு ஒயரை இரண்டு கெப்பாசிட்டர்களும் சேரும் புள்ளியில் சால்டர் செய்து, அங்கிருந்து போர்டுக்கும் ஸ்பீக்கர்களுக்கும் தனித்தனி ஒயர் இழுங்கள். இதற்கு ஆகும் செலவு ஒரு முழ ஒயர்தான். பலர் கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றிவிட்டுச் சத்தம் போகவில்லையே என்று எழுதுகிறார்கள்.

பாஸ் கரகரப்புக்கு மட்டும் கெப்பாசிட்டர் மாற்றம் உதவும். மலிவான போர்டுகளில் பெரும்பாலும் 1000 மைக்ரோஃபாரட்தான் இருக்கும். ஒரு ஆம்பியர் இழுக்கும்போது அதில் பல வோல்ட் ஏற்ற இறக்கம் வரும். 4700 போட்டால் அது இரண்டு வோல்ட் அளவுக்குக் குறையும். 25 வோல்ட் கெப்பாசிட்டரைத் தவிர்த்து 35 வோல்ட் வாங்குங்கள். இரவில் லைன் வோல்டேஜ் 250-ஐத் தொடும்போது, சுமையில்லாத டிரான்ஸ்ஃபார்மர் அந்த 16 வோல்ட் டி.சி.யை 18 வோல்ட் வரை ஏற்றிவிடும். சாதாரண 2030-இன் எல்லையும் அதுவே, ஐ.சி. என்றாவது பழுதானால் 22 வோல்ட் தாங்கும் 2030ஏ போடுங்கள்.

கேள்வி: ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) இல்லாமல் டிடிஏ 2030 ஐ.சி.யை அலுமினியப் பெட்டியிலேயே திருகிவிடலாமா? - வாசகி, மதுரை.

பதில்: மின்சாரம் கடத்தாத மைக்கா ஷீட்டும், ஸ்க்ரூவுக்குப் பிளாஸ்டிக் புஷ்ஷும் வைத்தால் திருகலாம். இந்த ஐ.சி.யின் உலோக முதுகு உள்ளேயே மூன்றாம் காலுடன், அதாவது மைனஸ் சப்ளையுடன் இணைந்தது. பெட்டியோ கிரவுண்டில் இருக்கும். இரண்டும் நேரடியாகத் தொட்டால் ஷார்ட் ஆகிவிடும். இதை மறந்து நானும் ஒருமுறை டயோடுகளைப் புகைய விட்டிருக்கிறேன். திருகிய பின், பவர் கொடுப்பதற்கு முன், முதுகுக்கும் பெட்டிக்கும் இடையே மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) வையுங்கள். பீப் வந்தால் ஸ்க்ரூவைக் கழற்றி புஷ்ஷைச் சரிபார்க்க வேண்டும்.